கட்டுமானம் கேள்வி–பதில்: சிமெண்டில் சாம்பல் சேர்க்கலாமா?

அனல்மின் நிலையச் சாம்பல், உமிச் சாம்பல், தாமிரக் கசடு என்று ஆலைக் கழிவுகளைக் கான்கிரீட்டில் சேர்ப்பது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம்.

கேள்வி: தட்டட்டி (மாடித் தளம்) போட பி.பி.சி. சிமெண்ட் வாங்கலாம் என்றால், "அது சாம்பல் சிமெண்ட், ஓ.பி.சி.தான் வேணும்" என்கிறார் கொத்தனார். கடைக்கார அண்ணாச்சியோ "எல்லாம் ஒண்ணுதான், எடுத்துட்டுப் போங்க" என்கிறார். சாம்பல் கலப்பது கலப்படம் இல்லையா?
– வீடு கட்டும் வாசகர், மேலப்பாளையம்

பதில்: சொல்லாமல் கலந்தால்தான் கலப்படம். ஓ.பி.சி. என்பது சாம்பல் கலக்காத சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட். பி.பி.சி.யில் (போர்ட்லேண்ட் பொசோலானா சிமெண்ட்) சொல்லியே கலக்கிறார்கள். ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 1489-இன் முதல் பகுதி, எடையில் 15 முதல் 35 சதவீதம் வரை நிலக்கரிச் சாம்பல் சேர்க்க இடம் கொடுக்கிறது. பெரும்பாலான மூட்டைகளில் அந்தச் சதவீதத்தையே அச்சிட்டிருப்பார்கள், திருப்பிப் பாருங்கள். அந்தச் சிமெண்ட் 3 நாளில் 16, 7 நாளில் 22, 28 நாளில் 33 மெகாபாஸ்கல் வலிமையாவது காட்டியாக வேண்டும்.

சாம்பல் உள்ளே என்ன செய்கிறது? சிமெண்ட் தண்ணீரோடு சேரும்போது கெட்டிப்படும் பசையோடு கூடவே நீற்றுச் சுண்ணாம்பும் உண்டாகிறது. இந்தச் சுண்ணாம்பால் வலிமைக்குப் பெரிய லாபம் கிடையாது. ஒழுகுகிற பழைய தளத்தின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்குமே, அது இதே சுண்ணாம்பு தண்ணீரில் கரைந்து வெளியே வந்ததுதான். சாம்பலில் கண்ணாடி மாதிரியான சிலிக்கா இருக்கிறது. அது இந்தச் சுண்ணாம்பைப் பிடித்துத் தின்று, மேற்கொண்டு பசையாக மாற்றுகிறது. நுண்துளைகள் அடைபடுகின்றன, தண்ணீர் இறங்குவது குறைகிறது. சுண்ணாம்போடு செங்கல் தூளான சுர்க்கியைச் சேர்த்து அரைத்த பழைய கட்டுமானத்திலும் நடந்தது இதேதான். 1895-இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையே சுண்ணாம்பு–சுர்க்கிக் கலவையில் நின்றதுதான்.

ஆனால் இந்த வேலை மெதுவாக நடக்கும். முதல் வாரத்தில் ஓ.பி.சி. முந்தும். மாதம் கழிந்துதான் பி.பி.சி. எட்டிப் பிடிக்கும், அதன் பிறகும் ஏறிக்கொண்டே போகும். அதுவரை ஈரம் இருந்தாக வேண்டும். ஆகவே கொத்தனாரின் பயத்தில் பாதி நியாயம் உண்டு. "எல்லாம் ஒண்ணுதான்" என்ற அண்ணாச்சியின் பேச்சில் அந்தப் பாதிகூட இல்லை. 14 நாள் தண்ணீர் கட்டவும், தளத்தைத் தாங்கும் முட்டுகளைத் தாமதமாக எடுக்கவும் முடியும் என்றால் வீட்டுத் தளத்துக்கும் தூணுக்கும் பி.பி.சி. தாராளமாகப் போதும். பத்தே நாளில் சென்ட்ரிங் பலகையை அடுத்த வேலைக்குக் கொண்டு போகிற அவசரம் என்றால் ஓ.பி.சி.யே வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பி.பி.சி. மூட்டை ஒன்றுக்கு ஒரு சட்டி பிளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) சேர்த்தால் மூட்டை மிச்சமாகும் என்கிறார்கள். கலவையும் வழுவழுவென்று நன்றாகத்தான் வருகிறது. செய்யலாமா?
– கட்டட மேஸ்திரி, சுத்தமல்லி

பதில்: கூடாது. கணக்கைப் பாருங்கள். 30 சதவீதச் சாம்பல் உள்ள பி.பி.சி. 80 கிலோவும் தனிச் சாம்பல் 20 கிலோவும் கலந்தால், அந்த 80 கிலோவுக்குள் ஏற்கெனவே 24 கிலோ சாம்பல் இருக்கிறது. மொத்தம் 44 கிலோ, அதாவது 44 சதவீதம். தரநிலையின் உச்சவரம்பே 35தான். நீற்றுச் சுண்ணாம்பைத் தருகிற சிமெண்ட் பாகம் குறைந்துபோனதால், மிஞ்சிய சாம்பல் எதோடும் சேராமல் வெறும் தூளாகக் கிடக்கும்.

கலவை வழுவழுப்பாக வருவதுதான் இதில் பெரிய ஏமாற்று. சாம்பல் துகள்கள் உருண்டையாக இருப்பதால் கோலிக்குண்டு போல உருண்டு கலவையை இளக்கிக் கொடுக்கின்றன. கரண்டிக்கு இதமாக இருக்கிறதே என்று வலிமையும் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பூச்சுக்கும் இதே பதில்தான். பி.பி.சி.யில் தனிச் சாம்பல் சேர்த்துப் பூசிய சுவரில் கையால் தடவினாலே மாவு மாதிரி உதிரும்.

கேள்வி: ஓ.பி.சி. 53 கிரேடு வாங்கி, தூத்துக்குடிச் சாம்பலை நானே களத்தில் சேர்க்க எண்ணுகிறேன். எம்-20 (28 நாளில் 20 மெகாபாஸ்கல் வலிமை தரும் கான்கிரீட்) தளத்துக்கு அளவு சொல்ல முடியுமா? 1000 சதுர அடி, 5 அங்குலக் கனம்.
– சிறு ஒப்பந்தக்காரர், வள்ளியூர்

பதில்: எடைத் தராசு, கியூப் அச்சு (உடைத்துச் சோதிக்கும் கான்கிரீட் கட்டியை வார்ப்பது), ஒரு பரிசோதனைக் கூடம் மூன்றும் கைவசம் இருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் இந்தப் பதிலை இங்கேயே நிறுத்திவிட்டு பி.பி.சி. வாங்குங்கள். ஆலையில் சாம்பலைச் சோதித்து, எடை பார்த்து, சிமெண்டோடு ஒரே சீராகக் கலக்கிறார்கள். அதே வேலையைக் களத்தில் செய்வது லேசுப்பட்டதல்ல.

முதலில் சாம்பல். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் 5. முதல் அலகு 1979-இல் ஓடத் தொடங்கியது. அங்கே சாம்பல் மூன்று விதமாக வெளியே வருகிறது. புகைபோக்கிக்கு முன்னால் மின்தூசிப் பிரிப்பானில் உலர்வாகப் பிடிபடுவது ஒன்று. கொதிகலனின் அடியில் விழும் கரடான அடிச்சாம்பல் இன்னொன்று. தண்ணீரோடு கரைத்துக் குளத்தில் விடுவது மூன்றாவது. சிமெண்டுக்குப் பதிலாக நிற்கத் தகுந்தது முதலாவது மட்டும். குளத்துச் சாம்பலை மலிவாக லாரியில் கொண்டுவந்து இறக்குவார்கள். அது பள்ளம் நிரப்பவும் செங்கல் அறுக்கவும் ஆகும், உங்கள் தளத்துக்கு ஆகாது.

விற்பவரிடம் ஐ.எஸ். 3812 முதல் பகுதிப்படி எடுத்த சோதனைச் சான்று கேளுங்கள். அதில் மூன்று எண்களைப் பார்த்தால் போதும். 45 மைக்ரான் சல்லடையில் தங்குவது 34 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. எரியிழப்பு 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 28 நாள் வலிமை, சாம்பல் சேராத சாந்தின் வலிமையில் 80 சதவீதமாவது வர வேண்டும். எரியிழப்பு என்பது வேகாமல் மிஞ்சிய கரி. அது கூடினால் சாம்பல் கறுக்கும், தண்ணீரையும் கலவையில் சேர்க்கும் ரசாயனத்தையும் உறிஞ்சும், தளத்தின் மேற்பரப்பில் கறுப்புத் திட்டுகளாக மிதந்து வரும். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கரண்டிச் சாம்பலைக் கலக்கி வையுங்கள். மேலே கரிய ஆடை படர்ந்தால் அந்தச் சுமையைத் திருப்பி அனுப்புங்கள். கைச்சோதனை இவ்வளவுதான். நல்லது என்று நிரூபிக்க இது போதாது, கெட்டதைக் காட்டிக்கொடுக்கப் போதும்.

இனி அளவு. ஒரு கன மீட்டருக்கு ஓ.பி.சி. 270 கிலோ, சாம்பல் 90 கிலோ, தண்ணீர் 173 லிட்டர், உலர்ந்த எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) 687 கிலோ, 20 மி.மீ.யும் 12 மி.மீ.யும் சேர்ந்த ஜல்லி 1164 கிலோ. சிமெண்டும் சாம்பலும் சேர்ந்த மொத்தத் தூளில் சாம்பல் கால் பங்கு. தண்ணீரை இந்த அளவுக்குள் அடக்க ஒரு பிளாஸ்டிசைசர் (குறைந்த தண்ணீரிலேயே கலவையை இளக்கும் ரசாயனம்) வேண்டும். தயாரிப்பாளர் சொல்லும் அளவிலிருந்து தொடங்கி, ஸ்லம்ப் (கூம்பு அச்சை எடுத்ததும் கலவை சரியும் அளவு) 75 முதல் 100 மி.மீ.க்குள் வரும்படி ஒத்திகையில் சரிசெய்யுங்கள். சாம்பல் இல்லாத கலவையின் 330 கிலோ சிமெண்டை இங்கே 360 கிலோ தூளாக உயர்த்தியிருப்பதைக் கவனியுங்கள். எடுத்த சிமெண்டுக்குக் கிலோவுக்குக் கிலோ சாம்பல் போட்டால் 28 நாள் வலிமை இடிக்கும். அதனால்தான் மொத்தத் தூளைச் சுமார் 10 சதவீதம் கூட்டுவது.

ஒரு மூட்டைக் கணக்கில் சொன்னால்: ஓ.பி.சி. 50 கிலோ, சாம்பல் 16.7 கிலோ, தண்ணீர் 32 லிட்டர், மணல் 127 கிலோ, ஜல்லி 216 கிலோ. வெளியே வருவது 185 லிட்டர் கான்கிரீட். 10/7 மிக்ஸருக்கு (10 கன அடி உலர் பொருள் போட்டு 7 கன அடி கலவை எடுப்பது) இது கழுத்து வரை, அதற்கு மேல் ஏற்றாதீர்கள்.

மணல் உலர்ந்திருக்காது என்பதை மறக்கக் கூடாது. எம்-சாண்டில் 5 சதவீத ஈரம் இருந்தால் அந்த 127 கிலோவோடு 6 லிட்டர் தண்ணீர் ஒட்டிக்கொண்டு வருகிறது. அப்போது மணலை 133 கிலோவாக நிறுத்து, தண்ணீரை 26 லிட்டர் மட்டும் ஊற்றுங்கள். இந்த 6 லிட்டரைக் கழிக்காமல் விட்டால் தண்ணீர் விகிதம் (தண்ணீர் எடையைச் சிமெண்ட், சாம்பல் மொத்த எடையால் வகுத்தது) 0.48-இலிருந்து 0.57-க்குத் தாவிவிடும். கியூப் தோற்றுப்போன பிறகு சாம்பலைத்தான் குற்றம் சொல்வார்கள்.

சாம்பலைச் சட்டியால் அளக்கவே கூடாது. ஒரே சட்டியில் சிமெண்ட் 15 கிலோ பிடித்தால் சாம்பல் ஏறக்குறைய 10 கிலோதான் பிடிக்கும். தட்டிக் குலுக்கினால் ஓர் எடை, அள்ளிப் போட்டால் ஓர் எடை. முந்தின நாளே 16.7 கிலோவாகப் பைகளில் நிறுத்துக் கட்டி வைத்துவிட்டால் வேலை நாளில் தகராறு இல்லை. ஈரம் பட்டுக் கட்டி விழுந்த சாம்பலை உடைத்துப் போட வேண்டாம், ஒதுக்கிவிடுங்கள்.

டிரம்மில் முதலில் பாதித் தண்ணீர், பிறகு ஜல்லி, பாதி மணல், அதன் மேல் சிமெண்டும் சாம்பலும், மீதி மணல், கடைசியாக ரசாயனம் கலந்த மீதித் தண்ணீர். சாம்பலை முதலில் கொட்டினால் பாதி காற்றில் போகும், மீதி டிரம்மின் முதுகில் அப்பிக்கொள்ளும். எல்லாம் விழுந்த பிறகு 3 நிமிடம் சுற்றட்டும். சாம்பல் கலவை வெளியே வரும்போது பிசுபிசுப்பாக, இறுகலாகத் தெரியும். தண்ணீர் ஊற்ற ஆள் குடத்தைத் தூக்குவார். தடுத்து நிறுத்துங்கள். வைப்ரேட்டர் ஊசி பட்டதும் அதே கலவை நெய்யாக ஓடும்.

உங்கள் தளம் சுமார் 11.8 கன மீட்டர். சாம்பல் சுமார் 1060 கிலோ தேவைப்படும். மிச்சமாகும் சிமெண்ட் கிட்டத்தட்ட 14 மூட்டை. சாம்பல் விலை, வண்டி வாடகை, ரசாயனம், கியூப் சோதனைச் செலவு எல்லாவற்றையும் அந்த 14 மூட்டை விலையில் கழித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஒரே ஒரு வீட்டுக்கு இது பெரும்பாலும் கட்டுபடியாகாது என்பதே எங்கள் கருத்து. தொடர்ச்சியாகப் பத்துப் பதினைந்து வேலை இருந்தால் கட்டுபடியாகும்.

தளம் போடுவதற்கு ஒரு மாதம் முன்பே ஒத்திகைக் கலவை போட்டு 15 செ.மீ. கியூப்கள் ஒன்பது எடுங்கள். மூன்றை 7-ஆம் நாளும், மூன்றை 28-ஆம் நாளும், மூன்றை 56-ஆம் நாளும் உடைத்துப் பாருங்கள். 28 நாள் சராசரி 26.6 மெகாபாஸ்கலுக்குக் குறையாமல் வந்தால் எம்-20க்கு நம்பி இறங்கலாம். 7-ஆம் நாள் எண் ஓ.பி.சி. பழக்கத்துக்குக் குறைவாகத்தான் தெரியும். அதைக் கண்டு அடுத்த கலவையில் சிமெண்டை அள்ளிக் கொட்ட வேண்டாம்.

கேள்வி: முட்டு எத்தனை நாளில் எடுப்பது?
– வாசகர், களக்காடு

பதில்: ஓ.பி.சி. தளத்தில் 4.5 மீட்டர் அகலம் வரை முட்டுக்கு 7 நாள், 6 மீட்டர் வரையான உத்திரத்துக்கு 14 நாள் என்று ஐ.எஸ். 456 சொல்கிறது. சாம்பல் கால் பங்கு இருந்தால் தளத்துக்கு 14, உத்திரத்துக்கு 21 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் எடுக்க வேண்டுமென்றால், தளத்தின் மேலேயே அதே வெயிலிலும் அதே தண்ணீரிலும் கிடந்த கியூப்பை உடைத்து, பொறியாளரிடம் காட்டிவிட்டு எடுங்கள். பரிசோதனைக் கூடத்துத் தொட்டியில் சுகமாக ஊறிய கியூப் இதற்குச் சாட்சி ஆகாது.

கேள்வி: ஆனி மாதம் பி.பி.சி.யில் தளம் போட்டோம். அன்று சாயங்காலமே மேலே முடி போல விரிசல்கள், ஒன்றுக்கொன்று இணையாக, சாய்வாக ஓடின. சாம்பல்தான் காரணம் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், பணகுடி

பதில்: முதல் குற்றவாளி உங்கள் ஊர்க் காற்று. கணவாய் வழியாக வந்து காற்றாலைகளைச் சுற்றவைக்கிற அதே தென்மேற்குக் காற்றுதான், ஈரத் தளத்தின் மேல் தோலையும் உறிஞ்சியது. கான்கிரீட்டுக்குள்ளிருந்து தண்ணீர் மேலே கசியும் வேகத்தைவிட, காற்று அதைத் தூக்கிச் செல்லும் வேகம் கூடினால் மேல்பரப்பு சுருங்கும். உள்ளே இன்னும் இளகலாக இருப்பதால் தோல் கிழியும். இணையாக, சாய்வாக, ஓரத்தைத் தொடாமல் நடுவிலேயே நின்றுபோகும் விரிசல் இந்த வகைதான்.

சாம்பலுக்கும் இதில் பங்கு உண்டு. சாம்பல் கலவையில் தண்ணீர் கசிவது குறைவு, இறுகவும் ஒன்றிரண்டு மணி நேரம் கூடுதலாகும். ஆகவே தோல் காய்ந்து கிடக்கும் நேரம் நீள்கிறது. காற்றில்லாத ஊரில் இந்தக் குணம் நல்லது, பணகுடியில் சங்கடம்.

வைகாசியிலிருந்து ஆவணி வரை தளம் போடுகிறவர்கள் விடியற்காலையில் தொடங்கி காற்று ஏறுவதற்கு முன்னால் முடிக்கப் பாருங்கள். மேற்குப் பக்கம் தார்ப்பாய் மறைப்புக் கட்டுங்கள். முந்தின இரவே ஜல்லியையும் பலகையையும் நனைத்து வையுங்கள். ஒவ்வொரு பகுதியும் மட்டம் தட்டி முடிந்ததும் பாலித்தீன் விரிப்பால் மூடி, ஓரத்தில் செங்கல் பாரம் வையுங்கள். முழுத் தளமும் முடியட்டும் என்று காத்திருந்தால் முதலில் போட்ட மூலை போய்விடும். விரிசல் கண்ணில் பட்டபோது கான்கிரீட் இன்னும் இளகலாக இருந்தால் மரத்தட்டையால் மறுபடி தட்டித் தேய்த்தாலே மூடிக்கொள்ளும். இறுகிய பிறகு மேலே சிமெண்ட் பால் ஊற்றுவது மை பூசுவது மாதிரிதான். அகலமாகவோ தளத்தின் அடிவரை போயோ இருந்தால் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

மறுநாள் காலையில் பாத்தி கட்டி 2 அங்குலம் தண்ணீர் நிற்க விடுங்கள். கலப்புச் சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள், 14 நாள் நல்லது என்பது ஐ.எஸ். 456-இன் பரிந்துரை. பணகுடிக் காற்றில் 14 என்பதே எங்கள் பதில். காலையில் ஒரு குடம், மாலையில் ஒரு குடம் என்று தெளிப்பதெல்லாம் நீராற்றுவது ஆகாது. இடையில் ஒரு முறை நன்றாகக் காய்ந்துவிட்டால் சாம்பலின் வேலை அங்கேயே நின்றுவிடும், பிறகு ஊற்றினாலும் இழந்தது முழுதாகத் திரும்பாது.

கேள்வி: எங்கள் பக்கத்து அரிசி ஆலையில் உமிச் சாம்பல் மலை போலக் கிடக்கிறது. அதில் சிலிக்கா அதிகம் என்று படித்தேன். சிமெண்டில் சேர்க்கலாமா?
– கல்லூரி மாணவர், கல்லிடைக்குறிச்சி

பதில்: படித்தது சரி, குவியல்தான் சரியில்லை. 100 கிலோ நெல்லில் சுமார் 20 கிலோ உமி, அதை எரித்தால் 4 கிலோ சாம்பல். அதில் சிலிக்கா 85 சதவீதத்துக்கு மேல் இருக்கும். ஆனால் சிலிக்கா இருந்தால் மட்டும் போதாது, படிகமாகாத சிலிக்காவாக இருக்க வேண்டும். 500 முதல் 700 டிகிரிக்குள் கட்டுப்படுத்தி எரித்து, பிறகு மாவாக அரைத்தால் அது அருமையான சேர்மானம். ஆலைக் கொதிகலனில் வெப்பம் கண்டபடி ஏறும். ஏறிய இடத்தில் சிலிக்கா படிகமாகிச் செயலற்றுப் போகும், ஏறாத இடத்தில் கரி மிஞ்சிக் கறுத்துக் கிடக்கும். போதாக்குறைக்குத் துகள் முழுக்கத் துளை, பஞ்சு போலத் தண்ணீர் குடிக்கும். கல்லூரித் திட்டத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்: சாம்பல்நிறமாக வெளுத்ததைப் பிரித்தெடுத்து, அரைத்து, 5, 10, 15 சதவீதத்தில் கியூப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தண்ணீர்த் தேவை எவ்வளவு கூடுகிறது என்று எழுதி வையுங்கள். வலிமை எண்ணைவிட அந்தத் தண்ணீர்க் கணக்குதான் உங்களுக்குப் பாடம் சொல்லும். வீட்டுத் தளத்துக்கு வேண்டாம்.

கேள்வி: தாமிரக் கசடும் சிமெண்டுக்கு மாற்றுதானே?
– வாசகர், ஸ்ரீவைகுண்டம்

பதில்: இல்லை, அது மணலுக்கு மாற்று. கறுப்பாக, கண்ணாடி போல மினுங்கும் குருணை அது. ஐ.எஸ். 383-இன் 2016 பதிப்பு, கம்பி போட்ட கான்கிரீட்டில் மணலில் 35 சதவீதம் வரை அனுமதிக்கிறது. மணலைவிட மிகவும் கனமானது, தண்ணீரை உறிஞ்சாது. அளவு மீறினால் தண்ணீர் தனியே மேலே வந்து நிற்கும், ஜல்லியும் குருணையும் அடியில் தங்கும். மணலின் இடத்தில் சம கனஅளவுதான் போட வேண்டும். சம எடை போட்டால் கணக்கு தப்பும்.

கேள்வி: கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. பத்து வருடத்தில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்கிறது. சாம்பல் சிமெண்ட் உதவுமா?
– வாசகர், உவரி

பதில்: உதவும். சாம்பல் பலன் கொடுக்கும் இடமே இதுதான். துளைகள் அடைபடுவதால் உப்பு கம்பியை எட்டுவது தாமதமாகும். இரும்பாலைக் கசடு அரைத்துச் சேர்த்த பி.எஸ்.சி. சிமெண்ட் கிடைத்தால் அதுவும் நல்லது. ஆனால் சிமெண்டை மாற்றிவிட்டு மற்றதைப் பழையபடி செய்தால் பயனில்லை. கடலோரத்துக்கு எம்-30 கான்கிரீட், தண்ணீர் விகிதம் 0.45-க்குள், கம்பிக்கு மேல் 45 மி.மீ. மூடல் என்பது ஐ.எஸ். 456 சொல்லும் கணக்கு. உடைந்த ஜல்லியைக் கம்பிக்கு அடியில் செருகாமல், 45 மி.மீ. கவர் பிளாக் (கம்பியைத் தூக்கி நிறுத்தும் சிறு கட்டை) கேட்டு வாங்கி வையுங்கள். கிணற்றுத் தண்ணீர் கரித்தால் கலவைக்கும் வேண்டாம், நீராற்றவும் வேண்டாம்.

கேள்வி: சுண்ணாம்புக்கல் கிடைக்கிற ஊரிலேயே எதற்குச் சாம்பலைத் தேடி ஓட வேண்டும்?
– வாசகர், தாழையூத்து

பதில்: கல்லை 1450 டிகிரியில் சுட்டால்தான் சிமெண்டின் மூலப்பொருளான கிளிங்கர் கிடைக்கும். ஒரு டன் கிளிங்கருக்குச் சுமார் 0.8 டன் கரியமில வாயு வெளியாகிறது. அதில் பாதிக்கு மேல் கல்லுக்குள்ளிருந்தே வருவது, எரிபொருளை மாற்றினாலும் போகாது. சாம்பலோ ஏற்கெனவே வெந்து முடிந்த பொருள். எடுக்காமல் விட்டால் குளத்தில் கிடந்து காய்ந்து காற்றில் பறக்கும். எடுத்தால் உங்கள் ஊர்க் குவாரியும் இன்னும் கொஞ்ச காலம் தாங்கும்.

கேள்வி: சாம்பல் மூட்டை பிரிக்கும் பெண்களுக்கு இருமலும் கையரிப்பும் வருகிறது. என்ன செய்யலாம்?
– ஒப்பந்தக்காரர், அம்பாசமுத்திரம்

பதில்: அது அடுப்புச் சாம்பல் போலச் சாதுவானதல்ல. நுண்ணிய சிலிக்காத் தூசி நுரையீரலின் அடிவரை போகும், ஈரத்தோலில் பட்டால் அதிலுள்ள காரத்தன்மையும் அரிக்கும். முகத்தில் கட்டும் துண்டு இந்தத் தூசியைத் தடுக்காது, என்-95 முகமூடியும் ரப்பர் கையுறையும் வாங்கிக் கொடுங்கள். மூட்டையைக் காற்றுக்கு முதுகு காட்டி நின்று, டிரம்மின் வாய்க்கு உள்ளே வைத்துப் பிரிக்கச் சொல்லுங்கள், உயரத்திலிருந்து உதறக் கூடாது. கண்ணில் விழுந்தால் தேய்க்காமல் நல்ல தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். காலி மூட்டையை உதறி மடித்து வீட்டுக்குக் கொண்டுபோகும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.